புதுச் செயினும் பழைய பல்லும்

2022 ஆனி மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவை தவிர்ந்த வேறு எவருக்கும் பெற்றோல் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முதலே ஊரில் பெற்றோல் இல்லைத்தான். மல்லாகத்தில் எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் இரண்டு கிழமையாக விறாந்தையில் நின்றது. வரிசையில் நின்று களைத்துப்போன அண்ணா கடைசியில், "கொட்டிலுக்குள்ள கிடக்கிற பெரியப்பான்ர சைக்கிளை எடுத்துத் துடை" என்றான்.

பெரியப்பாவுக்கு அந்தச் சைக்கிள் வேறு ஒரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. அந்த வருடம் ஆடி அமாவாசை யூலை 28 ஆம் திகதி. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து கீரிமலையில் தீர்த்தமாடி, பிதிர்க்கடன் முடித்து, வீட்டுக்கு வந்து காத்தோட்டிக்காயோடு சாப்பிடும் நாள். எங்களுடைய சொந்த ஊரே கீரிமலைதான். மல்லாகத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர். பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் சரியில்லை. ஓட்டோ பிடிக்க வழியில்லை. "நீ மிதி பிள்ளை, நான் கரியரில இருக்கிறன்" என்றார். சைக்கிள் அவருடைய அப்பா, அதாவது என் அப்பப்பா, வாங்கினது. அப்பப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்க அப்பப்பாவின் சைக்கிளிலேயே போவது என்று முடிவாயிற்று.

நான் செய்த முதல் வேலை, சுன்னாகத்துக்கு நடந்து போய் ஒரு புதுச் செயின் வாங்கிப் பூட்டினது. பழைய செயின் கறள் பிடித்துத் தொங்கிக்கொண்டு கிடந்தது. புதுசு பளபளவென்று இருந்தது. ஒழுங்கையில் ஏறி மிதித்தேன். மூன்றாவது மிதியில் "டக்" என்று துள்ளிக் கால் வழுக்கியது. மெல்ல மிதித்தால் ஒன்றுமில்லை. அழுத்தி மிதித்தால் துள்ளுகிறது. பழைய கறள் செயினோடு துள்ளாத சைக்கிள் புதுச் செயின் போட்டதும் துள்ளுகிறது! கடைக்காரர் பிழையான சாமான் தந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பெரியப்பா விறாந்தையில் இருந்தபடியே கேட்டார்: "செயினை மட்டுமோ மாத்தினனி? பல்லைப் பாத்தியோ?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தையும் சைக்கிளையும் பற்றிப் பேசும்போது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள்தான் எங்களைக் காப்பாற்றியது, எங்கள் ஆக்கள் எதையும் வைத்துச் சமாளிப்பார்கள் என்பது. அது பொய்யில்லை. ஆனால் ஒரு செயினையும் அதன் பல்லையும் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தக் கதை விட்டுவிடுகிற ஒரு கணக்கு தெரியும்.

செயின் நீளுவதில்லை

"செயின் இழுபட்டுப் போச்சு" என்று எல்லோரும் சொல்வோம். உருக்குத் தகடு இழுபடுவதில்லை. செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கு மேல் உருளும் ஒரு சின்ன ரோலர். இந்த அமைப்புக்கு மான்செஸ்டரில் இருந்த ஹான்ஸ் ரெனோல்ட் 1880 இல் காப்புரிமை பெற்றார். ஐந்து வருடம் கழித்து, 1885 இல், கொவென்றியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள் வந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவான இரண்டு சில்லு, நடுவில் பெடல், பின் சில்லுக்குச் செயின். இன்றைக்கு நாங்கள் ஓடுகிற சைக்கிளின் உருவம் அடிப்படையில் அதுதான்.

செயினின் ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டுக்கு அரை அங்குலம். ஊர்ச் சைக்கிளுக்கும் பந்தயச் சைக்கிளுக்கும் அகலம் வேறுபடும், ஆனால் இந்த அரை அங்குலம் மாறாது. பின்னும் புஷ்ஷும் தேயத் தேய அந்த அரை அங்குலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இதை அளக்கப் பள்ளிக்கூட அடிமட்டம் போதும். ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வைத்து 24 மூட்டு எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் காட்டினால் செயினை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடக் காட்டினால் பிந்திவிட்டோம், பல்லும் போயிருக்கும். எட்டில் ஒரு அங்குலம் என்பது ஒரு மூட்டுக்குக் கிட்டத்தட்ட 0.13 மில்லிமீற்றர் தேய்மானம். கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும்.

பல் ஏன் போகிறது? நீண்ட செயின் பல்லின் அடியில் இருக்காது, கொஞ்சம் மேலே ஏறி உட்காரும். அங்கிருந்து இழுத்து இழுத்து, பல்லைத் தன்னுடைய பிழையான அளவுக்கு அராவி எடுக்கும். பல் ஒரு பக்கம் சாய்ந்து அரிவாள் மூக்கு மாதிரி ஆகும். பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றுக்கொன்று பழகிவிட்ட சோடி. இரண்டும் பிழை, ஆனால் ஒரே பிழை. அதனால் சத்தமில்லாமல் ஓடும். அதில் சரியான அரை அங்குலச் செயினைக் கொண்டுவந்து போட்டால் அது அந்தப் பல்லில் உட்காராது. அழுத்தி மிதிக்கும்போது பல்லின் முதுகில் ஏறிக் குதிக்கும்.

முன்னாலுள்ள பெரிய செயின்வீலை விடப் பின்னாலுள்ள பிறீவீல்தான் முதலில் சாகும். எங்கள் சைக்கிளில் முன்னுக்கு 44 பல்லு, பின்னுக்கு 18. பெடல் ஒருமுறை சுற்றினால் பிறீவீல் இரண்டரை முறைக்குக் கிட்டச் சுற்றும். முன் பல் ஒன்று ஒருதரம் பாரம் தாங்கும்போது பின் பல் இரண்டரைத் தரம் தாங்குகிறது.

சோதித்துப் பார்ப்பது சுகம். பெரியப்பா சொல்லி நான் பழைய கறள் செயினைத் திரும்பப் பூட்டி ஓடினேன். துள்ளவில்லை. கடைக்காரர் நல்ல சாமான்தான் தந்திருக்கிறார்.

கொக்குச் சில்லு

அப்பப்பா காலத்தில் சைக்கிளுக்கு முழுச் செயின் கவர் இருந்தது. வலிகாமத்துச் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் உரைகல் பசை மாதிரி. பெரியப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கீரிமலையிலிருந்து கடற்கரை வீதியால் போய்வருவார். ஒரு பக்கம் உப்புக் காற்று, மறுபக்கம் சீமெந்துத் தூள். 1950களில் இயங்கத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலைக்கு அரைத்த அதே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால்தான் கீரிமலைக் கேணிக்கு நன்னீர் ஊறி வருகிறது. கடலுக்குப் பத்தடியில் உப்பில்லாத தண்ணீர். அந்தக் கேணியில்தான் வேலை முடிந்து சைக்கிளையும் தன்னையும் கழுவுவாராம். கேணிக்குள் சைக்கிள் கழுவ விட்டார்களோ என்று கேட்டேன். "வெளியில வைச்சு வாளியாலதான்" என்றார் கோபமாக.

சைக்கிளின் பெயர்த்தகடு எப்போதோ விழுந்துவிட்டது. "இது என்ன சைக்கிள்?" என்று கேட்டால் பெரியப்பா, "கொக்குச் சில்லுச் சைக்கிள்" என்பார். எனக்கு விளங்கியதில்லை. இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் விளங்கியது. நொட்டிங்காமில் செய்த றலி சைக்கிளின் செயின்வீலில் கொக்கின் தலை வெட்டப்பட்டிருக்கும். றட்ஜ் என்றால் கை. ஹம்பர் என்றால் ஓடுகிற மனித உருவங்கள். ஹம்பரை 1932 இலும் றட்ஜை 1943 இலும் றலி வாங்கிவிட்டது. ஆனால் செயின்வீலின் அடையாளங்களை அப்படியே வைத்திருந்தது. எங்கள் சைக்கிளில் இப்போது இருப்பது கொக்கு இல்லாத இந்தியச் செயின்வீல். கொக்கு தேய்ந்து போக 1990களில் மாற்றினது.

சைக்கிளின் பிறப்புச் சான்றிதழ் வேறு ஒரு இடத்தில் இருந்தது. பெடல் அச்சுக்குள் போள்ஸ் கரகரத்ததால் அதன் கப்பையும் மாற்ற நினைத்தேன். கடையில் வாங்கின இந்தியக் கப் பூட்ட ஏறவில்லை. விட்டம் ஒன்றுதான், புரி வேறு. பழைய கப்பையும் புதுக் கப்பையும் புரிக்குப் புரி ஒட்டவைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. மற்ற இங்கிலாந்துக் கம்பனிகளும், அவற்றைப் பின்பற்றிய இந்தியக் கம்பனிகளும் அங்குலத்துக்கு 24 புரி வெட்டின. றலி மட்டும் தன் தொழிற்சாலையில் 26 புரி வெட்டியது. வேறு கம்பனிச் சாமான் ஏறாது. பலவந்தமாக முறுக்கினால் உள்ளே இருக்கிற புரி அழிந்து சைக்கிளே போய்விடும். கொக்கு போனாலும் புரி பொய் சொல்லவில்லை. நான் கப்பை விட்டுவிட்டு, ஒரு பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலப் போள்ஸை மட்டும் புதுசு போட்டுக் கிறீஸ் வைத்து மூடினேன்.

இந்தியச் சாமான் எங்கள் ஊருக்கு வந்த கதையும் இதோடு சேர்ந்தது. சென்னையில் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் ரியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949 இல் ஆரம்பித்த ரி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹேர்குலிஸ் செய்தது. 1956 இல் லுதியானாவில் ஹீரோ தொடங்கியது. பிறகு இலங்கையிலேயே லுமாலா வந்தது. சைக்கிள் சாதாரண ஆளின் வாகனமானது இப்படித்தான். தமிழ்க் காங்கிரசின் தேர்தல் சின்னமே சைக்கிள்தான் என்பதை நினைத்தால், அது எவ்வளவு பழகின உருவமாக இருந்திருக்கும் என்று தெரியும்.

1970 இலிருந்து 1977 வரை சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. அந்த வருடங்களை யாழ்ப்பாணத்து விவசாயிகள் இன்றைக்கும் நல்ல காலம் என்று சொல்வதுண்டு. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் வலிகாமத்துத் தோட்டங்களுக்கு நல்ல விலை. ஆனால் வெங்காயத்தைச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோகிற சைக்கிளுக்குச் செயின் வாங்குவது கஷ்டம். ஒரே கொள்கை கரியரில் இருந்த மூட்டைக்கு விலையைக் கூட்டி, கீழே இருந்த சாமானுக்கும் விலையைக் கூட்டியது. அப்போது ஆரம்பித்ததாம் பெரியப்பாவின் பழக்கம்: ஒரு சைக்கிளுக்கு இரண்டு செயின். மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பூட்டுவது. இரண்டு செயினும் பல்லும் மெதுவாக, ஒன்றாகத் தேயும்.

ஒரு கிழமைக்கென்று போனது

1990 யூன் மாதம் யுத்தம் திரும்பத் தொடங்கியது. யூன் 13 ஆம் திகதியோடு யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. பலாலியையும் காங்கேசன்துறையையும் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டது. எங்கள் வீடு கீரிமலையில். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று சைக்கிள் கரியரில் ஒரு சூட்கேஸ், பாரில் சின்னப் பிள்ளையாக என் அப்பாவின் கடைசித் தங்கச்சி. இரண்டாவது செயின் கொட்டிலுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டு இருந்தது. அதை எடுக்கவில்லை. "ஒரு கிழமைக்கு என்னத்துக்கு ரெண்டு செயின்?" என்றார் பெரியப்பா. அந்தக் கிழமை முடிய இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒக்டோபரில் நகுலேஸ்வரம் கோயில் மேல் குண்டு விழுந்தது. மல்லாகம், சுன்னாகம் பக்கம் முகாம்கள் உருவாயின. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே கலியாணம் கட்டினார்கள்.

குடாநாட்டுக்குள் எரிபொருள், பற்றி, சீமெந்து, இரும்புச் சாமான் வருவது தடைப்பட்டது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் விலை ஏறி, ஜாம் போத்தல் விளக்கு வந்தது. வாகனங்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்ற எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது. விறகு, மீன், பாண், நோயாளி, கர்ப்பிணி. ஆனையிறவு மூடியபின் கொம்படி–ஊரியான் பாதையால் தண்ணீருக்குள் சைக்கிளை உருட்டினார்கள். பிறகு கிளாலியில் வள்ளத்தில் சைக்கிளை ஏற்றி இரவில் கடல்நீரேரி கடந்தார்கள்.

இங்கேதான் செயினின் கணக்கு வருகிறது. சாதாரண காலத்தில் என்ன செய்வோம்? செயின் பதினாறில் ஒரு பங்கு நீண்டவுடன் மாற்றுவோம். மலிவான சாமானை நேரத்தோடு மாற்றினால் விலையான சாமான் தப்பும். இதுதான் முழு இரகசியமும். தடைக் காலத்தில் இந்த "நேரத்தோடு" என்பது கிடையாது. செயின் கிடைக்காது, அல்லது விலை. ஆகவே ஓடுகிற மட்டும் ஓட்டுவது. அதற்குள் பிறீவீல் பல்லும் செயின்வீல் பல்லும் கூர்ந்துவிடும். கடைசியில் எங்கோ தேடி ஒரு புதுச் செயின் கிடைக்கும். ஒன்றே ஒன்று. அதைப் பூட்டினால் துள்ளும். துள்ளாமல் இருக்க மூன்றையும் ஒன்றாக மாற்றவேண்டும், மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. சமாளித்துத் தேய்ந்த பல்லிலேயே ஓட்டினால் புதுச் செயினும் தன் ஆயுளுக்கு முன்னமே போய்விடும்.

தட்டுப்பாடு என்றால் சாமான் இல்லாதது மட்டுமில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குகிற சாமான்களை ஒன்றாக மாற்ற முடியாமல் போவதும்தான். கிடைக்கிற ஒவ்வொரு புதுச் சாமானையும் பழசு தின்றுவிடும். கெட்டித்தனம் எவ்வளவு இருந்தாலும் அந்தக் கணக்கை வெல்ல முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். "எங்கட ஆக்கள் எதையும் சமாளிப்பினம்" என்று பெருமையாகச் சொல்லும்போது, சமாளித்த ஒவ்வொரு நாளும் அடுத்த நாளிடம் வாங்கின கடன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தள்ளிப்போட்ட விதங்களையும் பெரியப்பா சொன்னார். செயின் மிகத் தொய்ந்து, பின் அச்சு போக்கின் கடைசி மட்டும் இழுபட்டபின், செயினில் இரண்டு மூட்டை வெட்டி எடுப்பது. ஒரு மூட்டு மட்டும் எடுக்க முடியாது. உள்தகடு, வெளித்தகடு என்று மாறி மாறி வருவதால் சோடியாகத்தான் எடுக்கவேண்டும். கிறீஸ் இல்லாத நாளில் தேங்காயெண்ணெய். "ரெண்டு நாளைக்கு நல்லம், பிறகு புழுதியோட சேந்து பிசின்." உடைந்த சைக்கிள் ஒன்றை வாங்கினால் அதன் செயினையும் பிறீவீலையும் பிரிக்காமல் சோடியாகவே எடுத்துப் பூட்டுவது. கொக்குச் சில்லு போன இடத்துக்கு இந்தியச் செயின்வீல் வந்தது அப்படி ஒரு சோடியோடுதான்.

பிறகு டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டதை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். பி.பி.சி. தமிழோசை, வெரித்தாஸ். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்குத் தேவை நேரோட்டம். இடையில் டயோட்டும் ஒரு கொள்ளளவியும் போடவேண்டும். அதோடு ஒரே வேகத்தில் சுற்றவேண்டும். எந்தச் சைக்கிளை அதற்கு எடுப்பார்கள் என்று நான் யோசித்ததேயில்லை. "வீதியில ஓடேலாமல் பல்லுப் போனதைத்தான்" என்றார் பெரியப்பா. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். டைனமோவுக்கு வேண்டியது மூன்று வாற்று. அந்தச் சின்னப் பாரத்துக்குச் செயின் துள்ளாது. ஆளைச் சுமக்க முடியாத சைக்கிள் செய்தியைச் சுமந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு எழும்பியது. இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே நேரத்தில் போனது. அந்த இரவில் சைக்கிளை யாரும் ஓட்டவில்லை. ஓட்ட இடமில்லை. உருட்டினார்கள். "அண்டைக்குச் செயினே தேவைப்படேல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியப்பா எழும்பிப் போய்விட்டார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மூன்று சத்தம்

2022 இன் தட்டுப்பாடு வேறு மாதிரி. இதற்கு முந்தினது ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் போட்ட தடை. இது முழு நாடும் டொலர் இல்லாமல் நின்ற நெருக்கடி. இரண்டையும் ஒன்று என்று சொல்லக்கூடாது. ஆனால் சைக்கிள் கடையில் கணக்கு ஒன்றுதான். செயின் இருக்கிறது, பிறீவீல் இல்லை. மூன்றாவது கடையில், ஆடி அமாவாசைக்கு நாலு நாள் முன்னர், 18 பல்லுப் பிறீவீல் ஒன்று கிடைத்தது.

பழைய பிறீவீலைக் கழற்றுவது லேசில்லை. மிதிக்க மிதிக்க அது தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். முப்பது வருடம் இறுக்கியிருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, கழற்றியை வைஸில் பிடித்து, முழுச் சில்லையும் ஸ்டியரிங் மாதிரித் திருப்பினோம். புதுசைப் பூட்டும்போது புரியில் கிறீஸ் பூசினேன், அடுத்த முறை கழற்றுகிறவருக்காக.

புதுப் பிறீவீல், புதுச் செயின். இனிச் சத்தம் வராது என்று நினைத்தேன். வந்தது. ஆனால் வேறு சத்தம். அப்போது பெரியப்பா கற்றுத்தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். என்ன சத்தம் என்று கேட்காதே, எத்தனை சுற்றுக்கு ஒருக்கால் வருகிறது என்று எண்ணு.

அழுத்தும்போது மட்டும், ஒழுங்கில்லாமல் துள்ளினால் பல்லும் செயினும் சோடி இல்லை.

பெடல் சுற்றுக்கு ஒருமுறை "டொக்" என்றால் கிராங்கைப் பிடிக்கிற கொட்டர் பின் தளர்ந்திருக்கிறது, அல்லது பெடல்.

பெடல் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை என்றால் அது செயினிலேயே இருக்கிற குறை. 112 மூட்டுச் செயின் 44 பல்லில் ஒரு முழுச் சுற்று வர அவ்வளவு ஆகும். எங்கோ ஒரு மூட்டு மடங்காமல் விறைத்து நிற்கிறது. பெரும்பாலும் நாங்கள் இணைத்த இடம்தான். பக்கவாட்டில் மெல்ல நெளித்தால் இளகும். இணைப்புக் கிளிப்பின் மூடின பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்கவேண்டும். மாறிப் போட்டால் ஏதாவது பட்டுக் கழன்றுவிடும்.

சத்தமே இல்லாமல் பெடல் முன்னுக்கு வெறுமனே சுற்றினால், பிறீவீலின் உள்நாக்கு அழுக்கில் ஒட்டிவிட்டது. மண்ணெண்ணெயால் கழுவி மெல்லிய எண்ணெய் விடவேண்டும். கிறீஸ் விட்டால் திரும்ப ஒட்டும்.

எங்களுடையது சுற்றுக்கு ஒருமுறை. கொட்டர் பின். போள்ஸ் போடக் கழற்றினபோது நான்தான் தட்டிப் பாழாக்கியிருந்தேன். புதுப் பின் அடித்து, நட்டு இறுக்கி, கொஞ்சம் ஓடி, திரும்ப அடித்து இறுக்கினோம். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போகவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது.

கடைசியாகச் செயினின் தொய்வு. புதுச் செயின் நீளம் குறைந்தது என்பதால் பின் சில்லு முன்னுக்கு வரும். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆடவேண்டும். செயின்வீல் ஒருபோதும் சரியான வட்டமாக இராது. பெடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மிக இறுகுகிற இடத்தில் வைத்துத்தான் இந்த அரை அங்குலத்தைப் பார்க்கவேண்டும். தொய்ந்த இடத்தில் பார்த்தால் இறுகுகிற இடத்தில் போள்ஸைத் தின்னும்.

ஆடி அமாவாசை

விடிய நாலரைக்கு வெளிக்கிட்டோம். பெரியப்பா கரியரில், வேட்டியை மடித்துக்கட்டி, எள்ளும் தர்ப்பையும் ஒரு பையில். தெல்லிப்பழை தாண்டும்வரை நான் செயினைத்தான் கேட்டுக்கொண்டு மிதித்தேன். சத்தம் இல்லை. பெற்றோல் இல்லாத அந்த ஆடி அமாவாசையில் வீதி முழுக்கச் சைக்கிள். வயதான ஆட்கள் எல்லோர் முகத்திலும் ஒரு பழகின தன்மை. இளம் பெடியள்தான் இருக்கையை உயர்த்தத் தெரியாமல் முழங்கால் நெஞ்சில் இடிக்க மிதித்துக்கொண்டு போனார்கள்.

மாவிட்டபுரம் தாண்டிக் கீரிமலைக்கு இறங்கும்போது பெரியப்பா ஒரு வெறும் வளவைக் காட்டினார். எங்கள் காணி எனக்குத் தெரிந்ததுதான். விட்டுத்தந்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. வேலி போட்டோம், வீடு கட்டவில்லை. அவர் காட்டியது வீடு நின்ற இடத்தை இல்லை. பின்னுக்கு, கொட்டில் நின்ற இடத்தை. அந்த ஆணி, அந்த இரண்டாவது செயின்.

ஊருக்குத் திரும்பின குடும்பங்கள் பலதுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது. வீடு புதுசு. ஆனால் வேலை தந்த தொழிற்சாலை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கனடாவில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்த ஊரில். ஒரு சாமானை மட்டும் மாற்றித் தந்துவிட்டு ஏன் இன்னும் துள்ளுகிறது என்று கேட்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அப்படித்தான் பட்டது.

பெரியப்பா கடலில் மூன்று முழுக்கு முழுகி, கேணியில் உப்பைக் கழுவி, அப்பப்பாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். திரும்பி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம், "உப்புக் காத்து. வீட்ட போனதும் செயினைத் துடைச்சு எண்ணெய் விடு" என்றார்.

கழற்றின பழைய செயினையும் பழைய பிறீவீலையும் எறியவில்லை. ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டிக் கொட்டிலில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். "சோடி பிரிக்காதை, ஒருநாள் உதவும்" என்றார். பெற்றோல் வந்துவிட்டது, அண்ணா மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டான். சைக்கிளை நான் ஓடுகிறேன். மாதம் ஒருமுறை அடிமட்டம் வைத்து அளக்கிறேன். இன்னும் பன்னிரண்டு அங்குலம்தான்.

உங்கள் வீட்டுக் கொட்டிலுக்குள்ளும் ஒரு சைக்கிள் இருந்தால், ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். எந்தச் சாமான் எந்த ஊரில், எந்த வருடம், யாரிடம் வாங்கிப் பூட்டினது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பல்லைத் தொட்டுக்கொண்டு கேட்டால் சொல்வார்கள்.